துளை சரியான இடத்தில் இருக்கிறதா? சிஎம்எம்மில் பொசிஷன் அளக்கப் புதிதாக வருபவர்களுக்கு

சிஎம்எம் என்பது பாகத்தைப் புள்ளி புள்ளியாகத் தொட்டு ஆயங்களை அளக்கும் இயந்திரம். அதனிடம் பொசிஷன், அதாவது துளை தன் சரியான இடத்திலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்று கேட்டால், அது எப்போதும் ஓர் எண்ணைத் தந்துவிடும். டேட்டம் (அளவுகள் தொடங்கும் ஆதார முகம்) தப்பாக எடுத்திருந்தாலும் தரும், நாலே புள்ளி தொட்டிருந்தாலும் தரும், மூன்று தசம இலக்கத்தோடு தரும். அதை நம்பிப் பாகத்தை ரிஜெக்ட் செய்த பிறகு அசெம்பிளியில் அதே பாகம் சுலபமாகப் பொருந்துவதும், ஓகே சொன்ன பாகத்தில் போல்ட் ஏறாமல் போவதும் நடக்கிறது. பெரும்பாலும் இயந்திரத்தில் குறை இருக்காது. டேட்டம் எடுத்த விதமும், எத்தனை புள்ளி தொட்டோம் என்பதும், துளையின் அளவை எந்தக் கணக்கில் எடுத்தோம் என்பதும்தான் விடையை மாற்றுகின்றன. ஆகவே இந்த வழிகாட்டியில் அந்த மூன்றுக்குமே அதிக இடம்.

ஓர் எடுத்துக்காட்டை வைத்துக்கொள்வோம். 120 × 80 × 25 மி.மீ. அலுமினியத் தட்டு. அதில் நாலு நேர்துளைகள் (மறுபக்கம் வரை ஊடுருவுபவை), விட்டம் 10 மி.மீ., டாலரன்ஸ் (அனுமதித்த விலகல்) +0.1 / 0. பொசிஷன் விட்டம் 0.2, அதன் பக்கத்தில் வட்டமிட்ட எம் (அதன் பொருள் 7-ஆம் பகுதியில்). டேட்டம் ஏ அகலமான முகம், பி நீளப் பக்கம், சி குட்டைப் பக்கம். நாம் பார்க்கப்போகும் துளை சி-யிலிருந்து 40, பி-யிலிருந்து 25 மி.மீ. தள்ளி இருக்க வேண்டும்.

1. இயந்திரத்தைத் தொடும் முன் காகிதங்கள்

கையில் இருக்க வேண்டியவை: டிராயிங், அதன் ரிவிஷன் எண், அதே ரிவிஷனின் 3டி மாடல். மாடல் ஒரு ரிவிஷன் பின்தங்கியிருப்பது அடிக்கடி நடக்கும் கோளாறு. டிராயிங்கில் 40 என்று திருத்தியிருப்பார்கள், மாடலில் 39.5 இருக்கும், மென்பொருள் மாடலைத்தான் நம்பும். கட்டம் போட்ட அளவுகள் (துளை இருக்க வேண்டிய சரியான இடத்தைச் சொல்பவை) ஒவ்வொன்றையும் மென்பொருளில் ஏறியிருக்கும் எண்ணோடு கண்ணால் ஒப்பிடுங்கள். சில நிமிட வேலைதான்.

அடுத்து டைட்டில் பிளாக்கைப் பாருங்கள். டிராயிங் ஏஎஸ்எம்இ ஒய்14.5 விதிப்படியா, ஐஎஸ்ஓ விதிப்படியா என்று அதில் இருக்கும். இரண்டும் ஒரே குறியீடுகளைப் பயன்படுத்துவதால் ஒன்றுதான் என்று தோன்றும், அப்படியில்லை. ஒரே டேட்டம்களை ஒரே வரிசையில், ஒரே மாடிஃபையரோடு (எம் போன்ற கூடுதல் குறி) அழைக்கும் துளைக் கூட்டங்களை ஏஎஸ்எம்இ ஒரே தொகுப்பாகப் பார்க்கச் சொல்லும். ஐஎஸ்ஓவில் ஒவ்வொன்றும் தனித்தனி. சேர்த்துப் பார்க்க வேண்டுமானால் டிராயிங்கில் அதற்கென்று குறி இருக்க வேண்டும்.

டாலரன்ஸ் எண்ணுக்கு முன்னால் விட்டக் குறி இருக்கிறதா என்பதையும் பாருங்கள். இருந்தால் டாலரன்ஸ் மண்டலம் ஓர் உருளை. இல்லாவிட்டால் இரண்டு இணைத் தளங்களுக்கு நடுவிலுள்ள இடைவெளி, அதாவது ஒரு திசையில் மட்டுமே கட்டுப்பாடு. காடி போன்றவற்றுக்கு இப்படி வரும். விட்டக் குறிக்கு முன் எஸ் இருந்தால் கோள மண்டலம். இதை மாற்றிப் படித்தால் பின்னால் வரும் கணக்கு முழுவதும் வீண்.

2. பாகம் ஆற வேண்டும்

அளவுகள் எல்லாமே 20 டிகிரி செல்சியஸுக்கு உரியவை. ஐஎஸ்ஓ 1 சொல்வது அதைத்தான். அலுமினியம் மீட்டருக்கு, டிகிரிக்கு சுமார் 23 மைக்ரான் (0.023 மி.மீ.) விரியும். எஃகு சுமார் 11.5 மைக்ரான். மெஷினிலிருந்து நேரே வந்த அலுமினியப் பாகம் 5 டிகிரி சூடாக இருந்தால், 500 மி.மீ. தூரத்தில் 0.057 மி.மீ. நீண்டிருக்கும். பொசிஷன் விட்டமாகச் சொல்லப்படுவதால் அது இரட்டிப்பாகி 0.115. நம் 0.2-இல் பாதிக்கு மேல் வெறும் சூட்டிலேயே போய்விடும்.

கையடக்கப் பாகத்தை ஓரிரு மணி நேரம் அளவீட்டு அறையிலேயே விடுங்கள். பெரிய வார்ப்பு என்றால் முந்தைய இரவே உள்ளே கொண்டுவந்து வைப்பது நல்லது. அவசரமென்றால் பாகத்தைச் சாதாரண மேசைமேல் வைக்காமல் தடித்த உலோகத் தட்டின்மேல் வையுங்கள், சீக்கிரம் ஆறும். மென்பொருளில் வெப்பத் திருத்தம் இருக்கிறதே என்று கேட்கலாம். பாகம் முழுக்க ஒரே சூடாக இருந்தால் அது உதவும். ஒரு பக்கம் சூடும் மறுபக்கம் குளிர்ச்சியுமாக வளைந்து நிற்கும் பாகத்தை அது ஒன்றும் செய்யாது.

பிறகு பிசிறு. துளை வாயிலும் டேட்டம் ஓரங்களிலும் விரலை ஓட்டிப் பாருங்கள். எண்ணெயைத் துடையுங்கள். கிளாம்ப்பை நகராத அளவுக்கு மட்டும் இறுக்குங்கள். மெல்லிய சுவருள்ள பாகத்தை வைஸில் இறுக்கி அளந்தால், நீங்கள் அளப்பது வைஸ் வளைத்த வடிவத்தைத்தான்.

3. ஸ்டைலஸ்

பாகத்தைத் தொடும், முனையில் பந்துள்ள குச்சிதான் ஸ்டைலஸ். நீளம் முடிந்தவரை குறைவு, பந்து முடிந்தவரை பெரிது, இணைப்புகள் முடிந்தவரை குறைவு. நம் துளைக்கு 4 மி.மீ. ரூபி பந்தும், 30 மி.மீக்குக் குறையாத வேலை நீளமும் போதும். துளை கொஞ்சம் சாய்ந்திருந்தால் ஆழத்தில் பந்துக்கு முன் தண்டு சுவரில் படும். மென்பொருள் அதையும் ஒரு புள்ளியாகவே எடுத்துக்கொள்ளும்.

தினமும் வேலை தொடங்கும் முன், பயன்படுத்தப்போகும் ஒவ்வொரு ஸ்டைலஸ் கோணத்தையும் மாஸ்டர் கோளத்தில் (அளவு தெரிந்த கோளம்) தொட்டுத் தகுதிப்படுத்துங்கள். அதோடு நிறுத்தாமல் இன்னொரு சோதனையும் செய்யுங்கள். அதே கோளத்தை ஒவ்வொரு கோணத்திலும் சாதாரணப் பாகம்போல அளந்து, மையங்கள் எவ்வளவு விலகுகின்றன என்று பாருங்கள். டேட்டத்தை ஒரு கோணத்திலும் துளையை இன்னொரு கோணத்திலும் தொடுகிறீர்கள் என்றால், அந்த விலகல் அப்படியே பொசிஷனில் ஏறும். வழக்கத்தைவிட அதிக விலகல் வந்தால் முதலில் பந்தைத் துடையுங்கள், பிறகு இணைப்புத் திருகைப் பாருங்கள்.

அலுமினியத்தில் ரூபியால் ஸ்கேன் செய்தால் அலுமினியம் பந்தில் ஒட்டிக்கொள்ளும். ஸ்கேனுக்கு சிலிக்கான் நைட்ரைடு பந்து வாங்குவது நல்லது. அதை எஃகுப் பாகத்துக்குப் பயன்படுத்தாதீர்கள், சீக்கிரம் தேயும். புள்ளி புள்ளியாகத் தொடுவதற்கு ரூபியே போதும்.

4. டேட்டம்: பாதிக்கு மேல் கவனம் இங்கே

வரிசை மாறக்கூடாது. ஏ முதலில், குறைந்தது மூன்று புள்ளி. அது பாகத்தின் சாய்வை நிறுத்தும். பி இரண்டாவது, குறைந்தது இரண்டு. அது சுழற்சியை நிறுத்தும். சி கடைசி, ஒரு புள்ளி. இவை கணிதக் குறைந்தபட்சம் மட்டுமே. நம் தட்டின் ஏ முகத்தில் ஓரம் நடு எல்லாம் பரவியபடி 9 முதல் 12 புள்ளிகள் எடுங்கள், பி-யில் 6 எடுங்கள்.

புள்ளிகளை எங்கே பரப்புகிறோம் என்பது எண்ணிக்கையைவிட முக்கியம். பி-யில் 20 மி.மீ. இடைவெளியில் இரண்டு புள்ளி மட்டும் தொட்டு, ஒன்றின்கீழ் 0.01 மி.மீ. பிசிறோ தூசியோ இருந்தது என்று வையுங்கள். முழு ஆய அமைப்பும் 20-க்கு 0.01 என்ற விகிதத்தில் திரும்பிவிடும். 100 மி.மீ. தள்ளியிருக்கும் துளையில் அது 0.05 மி.மீ. பிழை, பொசிஷனில் 0.1. அதே இரண்டு புள்ளிகளை 100 மி.மீ. இடைவெளியில் எடுத்திருந்தால் பிழை 0.01-தான்.

அடுத்த சிக்கல்: ஏ முகம் கீழே இருக்கும்படி பாகத்தை மேசையில் வைத்துவிட்டால் அதைத் தொட முடியாது. நம் துளைகள் நேர்துளைகள் என்பதால் பாகத்தைத் திருப்பி ஏ-யை மேலே வைத்துவிடுங்கள். முடியாதபோது சிலர் மேல்முகத்தை அளந்து 25 மி.மீ. கீழே இறக்கி ஏ என்று பெயர் வைப்பார்கள். இது தப்பு. மேல்முகத்துக்கும் ஏ-க்கும் உள்ள இணைத்தன்மைப் பிழை முழுக்க உங்கள் கணக்கில் வந்து சேரும். அதைவிட, பாகத்தை நல்ல கிரானைட் மேலோ கிரைண்ட் செய்த தட்டின் மேலோ ஆடாமல் உட்காரவைத்து, அந்தத் தளத்தையே ஏ-யாக அளப்பது எவ்வளவோ மேல். டேட்டத்தின் வரையறைக்கும் அதுதான் நெருக்கம்.

ஏனென்றால் டேட்டம் தளம் என்பது முகத்தின் உயர்ந்த இடங்களைத் தொட்டுக்கொண்டு வெளியே நிற்கும் தளம். பல மென்பொருள்களில் இயல்பாக வருவது லீஸ்ட் ஸ்கொயர் பொருத்தம். அது மேடு பள்ளங்களின் நடுவே ஓடும். முகம் நன்றாகத் தட்டையாக இருந்தால் வித்தியாசம் தெரியாது. தட்டைத்தன்மைப் பிழை பொசிஷன் டாலரன்ஸில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டினால், அமைப்பில் போய் வெளித்தொடு தளத்துக்கு மாற்றிப் பாருங்கள். இரண்டு விடையும் எவ்வளவு விலகுகின்றன என்பதே முகத்தின் தரத்தைச் சொல்லிவிடும்.

பி-யை ஒரே உயரத்தில் ஒரு கோடாக எடுப்பதும் பரவலான வழக்கம். பக்கச் சுவர் 25 மி.மீ. உயரத்தில் 0.03 சாய்ந்திருந்தால், எந்த உயரத்தில் தொட்டீர்கள் என்பதைப் பொறுத்து விடை மாறும். காலை ஷிஃப்ட்டுக்கும் இரவு ஷிஃப்ட்டுக்கும் ரிப்போர்ட் ஒத்துப்போகாததற்கு இது ஒரு காரணம். குறைந்தது இரண்டு உயரங்களில் தொட்டு, ஏ-க்குச் செங்குத்தாகக் கட்டுப்படுத்திய தளமாக எடுங்கள்.

5. துளையைத் தொடுவது

நாலு புள்ளி வட்டம் வேகமானது, ஆபத்தானதும்கூட. மூன்று தாடைச் சக்கில் பிடித்துக் கடைந்த துளை, சக்கிலிருந்து விட்டதும் மூன்று புடைப்புள்ள வடிவத்துக்கு வந்துவிடும். அதில் சம இடைவெளியில் நாலு புள்ளி தொட்டால், வடிவப் பிழை முழுவதும் மைய விலகலாக வேடம் போடும். புடைப்பின் வீச்சு ஆரத்தில் 5 மைக்ரான் என்றால் மையம் 5 மைக்ரான் நகர்ந்ததாகக் காட்டும், பொசிஷனில் 10. துளை உண்மையில் நகரவே இல்லை. 7 அல்லது அதற்கு மேற்பட்ட புள்ளிகள் எடுத்தால் இந்தச் சிக்கல் போய்விடும்.

ஒரே ஆழத்தில் வட்டம் எடுப்பது இருபரிமாண அளவீடு மட்டுமே. டாலரன்ஸ் மண்டலம் தட்டின் முழுத் தடிமனுக்கும் நீளும் உருளை. துளையின் அச்சு இரு முனையிலும் அதற்குள் இருக்க வேண்டும். ஏ முகத்திலிருந்து 3 மி.மீ. உள்ளே ஒரு வட்டம், நடுவில் ஒன்று, மறுமுனைக்கு 3 மி.மீ. முன்னால் ஒன்று, ஒவ்வொன்றிலும் 8 புள்ளி. நாலு துளைக்கு மொத்தம் 96 தொடுதல். தொடுதலுக்கு 3 விநாடி என்றாலும் ஐந்து நிமிடத்துக்குள் முடிந்துவிடும். சேம்ஃபர்மேல் (துளை வாயின் சரிவான ஓரம்) தொட்டுவிடாதபடி ஆழத்தைக் கணக்கிடுங்கள்.

தட்டு மெல்லியதாக இருந்தால் எச்சரிக்கை. 4 மி.மீ. இடைவெளியில் இரண்டு வட்டம், ஒவ்வொரு மையத்திலும் எதிரெதிர் திசையில் 2 மைக்ரான் பிழை என்றால், அச்சு மி.மீக்கு 1 மைக்ரான் சாயும். 30 மி.மீ. தள்ளி அந்த அச்சை நீட்டினால் 30 மைக்ரான். குட்டைத் துளையை முதன்மை டேட்டமாகப் போட்ட டிராயிங் வந்தால், அளக்கும் முன் வடிவமைத்தவரிடம் ஒரு வார்த்தை பேசுங்கள்.

6. கணக்கு, கையாலும் ஒருமுறை

ஒரு முனையில் எக்ஸ் விலகலின் வர்க்கத்தையும் ஒய் விலகலின் வர்க்கத்தையும் கூட்டி, வர்க்கமூலம் எடுத்து, இரண்டால் பெருக்குங்கள். நம் துளையில் ஏ முகத்தருகே எக்ஸ் 0.05, ஒய் 0.04 என்று வந்தது. பொசிஷன் 0.128, நிம்மதி. மறுமுனையில் எக்ஸ் 0.09, ஒய் 0.06. பொசிஷன் 0.216. இரண்டில் பெரியதுதான் விடை. முகத்தருகே மட்டும் அளந்திருந்தால் 0.128 என்று எழுதிவிட்டுப் போயிருப்பீர்கள்.

இரண்டால் பெருக்க மறப்பது புதியவர்களுக்கு வழக்கம். உருளை மண்டலத்துக்கு இசட் விலகலையும் சேர்த்துக் கணக்கிடுவது இன்னொன்று. இசட் கோள மண்டலத்துக்கு மட்டும்தான். பழைய மென்பொருள் கட்டளைகளில் சில, அந்த நேரத்தில் இயக்கத்திலுள்ள அலைன்மென்ட்டிலிருந்தே (ஆய அமைப்பு) கணக்கிடும்; கட்டளையில் ஏ, பி, சி என்று எழுதியிருப்பதை அவை பொருட்படுத்தாது. முதல் பாகத்தில் கைக்கணக்கும் மென்பொருளும் மைக்ரான் அளவில் ஒத்துவராவிட்டால் காரணத்தைக் கண்டுபிடிக்கும்வரை நகராதீர்கள்.

7. எம் குறியும் போனஸும்

நம் துளை 0.216, எல்லை 0.2. எம் இருப்பதால் போனஸ் உண்டு. துளை தன் மிகச் சிறிய அளவான 10.00-ஐவிட எவ்வளவு பெரிதோ அவ்வளவு கூடுதல் டாலரன்ஸ். மென்பொருள் விட்டம் 10.030 என்கிறது. எல்லை 0.230 ஆகிறது. பாகம் ஓகே.

அவசரப்படாதீர்கள். அந்த 10.030 லீஸ்ட் ஸ்கொயர் விட்டம், அதாவது சராசரி. போனஸுக்குத் தேவையானது துளைக்குள் நுழையக்கூடிய மிகப் பெரிய உருளையின் விட்டம். புடைப்புள்ள இந்தத் துளையில் அது 10.012 என்று வைத்துக்கொள்ளுங்கள். எல்லை 0.212 ஆகிவிடுகிறது, 0.216 ரிஜெக்ட். ஒரே புள்ளிகள், ஒரே பாகம், பொருத்தும் முறை மட்டும் வேறு. துளைக்கு உள்ளடங்கும் பெரும உருளை, பின்னுக்குச் சுற்றியடங்கும் சிறும உருளை என்று அமைப்பை மாற்றுங்கள். இப்படிப் பொருத்தும்போது ஒரே ஒரு தூசிப் புள்ளிகூட விடையைக் கெடுக்கும். எனவே நிறையப் புள்ளிகளும் சுத்தமான துளையும் கட்டாயம்.

டேட்டத்தின் பக்கத்திலும் எம் இருந்தால், அந்த அளவு வித்தியாசத்தை டாலரன்ஸோடு கூட்டிவிடக்கூடாது. அது துளைக் கூட்டம் முழுவதும் சேர்ந்து நகர்வதற்கான இடம். ஒவ்வொரு துளைக்கும் தனித்தனிப் போனஸ் இல்லை. கையால் சரியாகக் கணக்கிடுவது கடினம், மென்பொருளின் பொருத்தும் வசதியைப் பயன்படுத்துங்கள். எம் குறியே இல்லையென்றால் போனஸும் இல்லை, துளை எவ்வளவு பெரிதாக இருந்தாலும் சரி.

8. மரைத்துளை

வட்டமிட்ட பி (ஆங்கில P; டேட்டம் பி அல்ல) இருந்தால் டாலரன்ஸ் மண்டலம் பாகத்துக்கு வெளியே, போல்ட் நிற்கும் உயரத்தில் இருக்கிறது என்று பொருள். மரையின் அச்சு முகத்தில் 0.04 விலகியிருக்கிறது, 15 மி.மீ. ஆழத்தில் அதே பக்கமாக 0.05 சாய்ந்து எழுகிறது. முகத்தில் பொசிஷன் 0.08. 20 மி.மீ. மேலே விலகல் 0.107, பொசிஷன் 0.213. மேல் தட்டு ஏன் உட்காரவில்லை என்பதற்கு விடை அங்கே இருக்கிறது.

மரையை ஒரே உயரத்தில் வட்டமாகத் தொட்டால் ஒரு புள்ளி முகட்டிலும் அடுத்தது பள்ளத்திலும் விழும். எம்8 மரையின் புரியிடை 1.25 மி.மீ.; சுற்றுக்கு 8 புள்ளி என்றால் ஒவ்வொரு புள்ளிக்கும் 0.156 மி.மீ. ஏற்றிக்கொண்டே போக வேண்டும். மென்பொருளில் புரியிடையைக் கொடுத்தால் அதுவே செய்யும். ஆட்டமில்லாமல் இறுகும் மரைப் பின்னைத் திருகி, அதன் வெளியே நிற்கும் உருளையை அளப்பது இன்னும் நம்பகம். ஆனால் பின் கொஞ்சம் ஆடினாலும் அளவீடு போச்சு.

9. ரிப்போர்ட்டும் செலவும்

பாகத்தை முழுவதுமாகக் கழற்றி, திரும்ப வைத்து, மூன்று தடவை அளந்து பாருங்கள். ஒருமுறை மேசையில் 90 டிகிரி திருப்பியும் வையுங்கள். விடைகளின் பரவல் டாலரன்ஸில் பத்தில் ஒரு பங்குக்குள் இருந்தால் நல்லது. அதைத் தாண்டினால் ஃபிக்ஸ்ச்சரையும் (பாகத்தைப் பிடிக்கும் அமைப்பு) டேட்டம் புள்ளிகளையும் பாருங்கள். இயந்திரச் சான்றிதழில் ஐஎஸ்ஓ 10360-2 படி 1.9 + எல்/300 மைக்ரான் என்பதுபோல எழுதியிருக்கும் (எல் என்பது மி.மீ.யில் அளக்கும் நீளம்). அது நீள அளவீட்டின் பிழை வரம்பு; உங்கள் பொசிஷன் விடையின் நிச்சயமின்மை அதைவிடப் பெரிது. எல்லையோரத்தில் நிற்கும் பாகத்துக்கு இதைச் சொல்லியாக வேண்டும். வேறு உடன்பாடு இல்லாவிட்டால், ஐஎஸ்ஓ 14253-1 படி சப்ளையர் நிச்சயமின்மைக்கு இடம் விட்டுத்தான் ஓகே என்று சொல்லலாம்.

பொசிஷன் எண்ணுக்குத் திசை கிடையாது. 0.216 என்று மட்டும் எழுதினால் மெஷின் ஓட்டுபவர் ஆஃப்செட்டை எந்தப் பக்கம் மாற்றுவார்? எக்ஸ், ஒய் விலகல்களைக் குறியோடு, இரு முனைக்கும் எழுதுங்கள். கூடவே போனஸ், விட்டம் எடுத்த முறை, வெப்பநிலை, டிராயிங் ரிவிஷன்.

வெளி ஆய்வகத்துக்கு அனுப்பினால் செலவு பெரும்பாலும் புரோகிராம் எழுதுவதிலும் ஃபிக்ஸ்ச்சரிலும்தான். இரண்டாவது பாகத்திலிருந்து மிகக் குறையும், ஆகவே ஒரே வகைப் பாகங்களைச் சேர்த்து அனுப்புங்கள். விலை கேட்கும்போதே ஏ, பி, சி எந்த முகங்கள், டேட்டம் பொருத்தும் முறை, துளைக்கு எத்தனை வட்டம், வட்டத்துக்கு எத்தனை புள்ளி என்று எழுத்தில் கொடுத்துவிடுங்கள். கொடுக்காவிட்டால் அவர்களின் வழக்கமான நாலு புள்ளி வட்டம் வந்து சேரலாம். தயாரிப்பு ஆயிரக்கணக்கில் போகிறது, டிராயிங்கில் எம்மும் இருக்கிறது என்றால் ஃபங்ஷனல் கேஜ் (துளைகளில் நுழைத்துப் பார்க்கும் பின்கள் கொண்ட கருவி) செய்வதை யோசியுங்கள். நம் தட்டுக்கு அந்தக் கேஜின் பின் விட்டம் 10.00-லிருந்து 0.2 கழித்து 9.8 மி.மீ.; கேஜ் செய்பவரின் டாலரன்ஸும் தேய்மானமும் தனிக் கணக்கு. பின் நுழைந்தால் பொசிஷன் ஓகே, நுழையாத பாகம் மட்டும் சிஎம்எம்முக்கு வரட்டும்.